ஈட்டி எங்களுக்கு, பரிசல் பெரியப்பாவுக்கு

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையைப் போல நியாயமான பாகப்பிரிவினை சுற்றுவட்டாரத்தில் நடந்ததில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ராகிக் கொல்லை ஆளுக்குப் பாதி, மாமரம் ஆளுக்கு ஒன்பது, பசுவில் செவலை பெரியப்பாவுக்கு, மயிலை அப்பாவுக்கு. பஞ்சாயத்துக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் கடைசி அண்டா வரைக்கும் கையில் தூக்கிப் பார்த்துச் சரிக்கட்டினார்கள். பொழுது சாயும்போது கொட்டகையில் இரண்டே சாமான்கள் பாக்கி இருந்தன. ஒன்று, எருமைத்தோல் போர்த்திய பரிசல். மற்றது, மூன்று முள் வைத்த மீன் ஈட்டி. பரிசல் மூத்தவருக்கு, ஈட்டி இளையவருக்கு என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பரிசல் இல்லாத ஈட்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு எட்டு வயது. மொழியைப் பார்த்து மாநிலங்களைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஓசூர் இந்தப் பக்கமே இருக்குமா, அந்தப் பக்கம் போய்விடுமா என்று டீக்கடையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறி வாக்குவாதம் நடக்கும். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் முற்றத்துக்கு நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர் எழும்பியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த பெரியப்பாவும் இந்தப் பக்கம் இருந்த அப்பாவும் ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்மா மருமகளாக வந்த பிறகுதான் வீடு உடைந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்தச் சுவரோரம் போகும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

அந்த மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. இருபது நாள் விடவில்லை. விட்ட பிறகும் சோறு இறங்கவில்லை. களியைக் கண்டாலே குமட்டினாள், கஞ்சியை இரண்டு மடக்கோடு தள்ளிவைத்தாள். கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. இப்படியே போனால் தாங்காது என்று வைத்தியர் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பயந்து போனேன். அம்மா செத்துவிடுவாள் என்று நினைத்துக் கொட்டகைக்குள் போய்த் தனியாக அழுதேன்.

மறுநாள் அம்மாவே வாய் திறந்து கேட்டாள். "விரால் சாறு இருந்தா ரெண்டு வாய் எறங்கும் போல இருக்குது."

அப்பா அப்போதே ஈட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றார். எங்கள் பக்கத்து மார்கழி ஏரியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கால் வைத்த கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும், பிறகு கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குளிரில் கரையோரம் விரால் வராது. நடு ஏரியில் அல்லிக்கொடியும் கோரையும் மண்டிய இடத்தில் கிடக்கும், வெயில் ஏறும்போது மூச்சு வாங்க மேலே வரும். அங்கே போகப் பரிசல் வேண்டும். அன்றும் மறுநாளும் அப்பா உதடு நீலம் பாரித்து வெறுங்கையோடு திரும்பினார். பரிசல் கேட்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

நான் சுவர் ஏறிக் குதித்துப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் தலையைத் தடவினாள்.

மூன்றாம் நாள் காலையில் அப்பாவும் நானும் ஏரிக்குப் போனபோது பெரியப்பா பரிசலைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, துடுப்போடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த புங்கமரத்தைப் பார்த்துச் சொன்னார். "தோலு காஞ்சி வெடிக்குது. ஒரு சுத்து சுத்தி நனைச்சிகினு வரலாம்னு இருக்கறேன். ஏறுறவங்க ஏறட்டும்."

நான்தான் முதலில் ஏறினேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் ஏறினார். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து பிறகு சமனாயிற்று.

பத்துத் துடுப்பு போட்டதும் கரை காணாமல் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் பனி. மேலே வானம் இல்லை, கீழே தண்ணீர் இருப்பதும் சத்தத்தில்தான் தெரிந்தது. பரிசல் தானாக மெல்லச் சுற்றிக்கொண்டு போயிற்று. எங்கிருந்தோ அவரைப்பூ வாசனை வந்தது, எந்தத் திசை என்று தெரியவில்லை. யாரோ கன்னடத்தில் மாட்டை அதட்டுவது காதுக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டு மறைந்தது. ஊர், சுவர், காய்ச்சல் எதுவும் அங்கே இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அப்படியே தூங்கிப்போயிருப்பேன், அப்பா பேசாமலிருந்திருந்தால்.

"பாப்பா, பரிசலைக் கொஞ்சம் எடது பக்கம் திருப்பச் சொல்லு."

பெரியப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் அவர் காது கேளாதவர் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியப்பா, எடது பக்கம் திருப்பணுமாம்" என்றேன். அதன் பிறகுதான் துடுப்பு அசைந்தது.

"அம்மாவுக்கு ராத்திரி காச்சல் இருந்துச்சா, கேளு."

"அப்பா, ராத்திரி காச்சல் இருந்துச்சான்னு கேக்கறாரு."

"இல்லன்னு சொல்லு."

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் இரண்டு பெரியவர்களுக்கு வேலை நடக்காதே! பனி கிழிந்து வெயில் கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. கோரைக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த மூக்கு நுனி தண்ணீருக்கு மேலே வந்தது. அப்பா ஒரு காலை மடித்து மண்டியிட்டு ஈட்டியை ஓங்கினார்.

"அந்தக் கடவாப்பல்லு வலி இன்னும் இருக்குதா, கேளு" என்றார் பெரியப்பா.

மூக்கு மறைந்தது. ஈட்டி வெறும் தண்ணீரைக் குத்தியது.

"பல்லைப் புடுங்கியாச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா, மீன் போனதைப் பற்றிக் கவலைப்படாமல். "செவலை கன்னு போட்டுதாமே, காளையா கெடாரியா?"

"கெடாரி. நெத்தியில வெள்ளை இருக்குதுன்னு சொல்லு."

"தாயி மாதிரியே."

அதை நான் சொல்லவில்லை. எனக்கு வாய் வலித்தது. அப்பா முறைத்தார். "முழுசாச் சொல்லு." சொன்னேன். அதற்குள் இரண்டாவது விரால் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது வந்தபோது மேட்டு வரப்பு இடிந்த கதை நடந்துகொண்டிருந்தது. நான்காவது வந்தபோது பெரியப்பாவுக்கு இருமல் மருந்து யார் கொடுப்பது என்ற விசாரணை. தண்ணீரில் ஒரு பேச்சுச் சத்தம் விழுந்தால் விரால் அடிமண்ணுக்குப் போய்விடும் என்பது எனக்கே தெரியும். இவர்கள் இருவரும் என்னைவிடச் சின்ன வயதிலிருந்து அந்த ஏரியில் மீன் குத்தியவர்கள்.

வெயில் உச்சந்தலைக்கு வந்துகொண்டிருந்தது. உச்சிக்குப் போய்விட்டால் விரால் மேலே வராது. வீட்டில் அம்மா வெறும் வயிற்றோடு கிடக்கிறாள். ஓவென்று அழுதுவிட்டேன். "பேசிப் பேசி மீனையெல்லாம் ஓட்டறீங்க! எங்கம்மா செத்துப்போயிடும்!"

இரண்டு பேரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"நாங்க எங்க பேசனோம்?" என்றார் பெரியப்பா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நான் முழங்காலில் முகத்தை வைத்து விசும்பிக்கொண்டிருந்தேன். பரிசல் சத்தமில்லாமல் நகர்ந்தது. இடது பக்கம் என்று யாரும் சொல்லவில்லை, நில்லு என்று யாரும் சொல்லவில்லை. கோரை ஓரமாகப் போய் அதுவாக நின்றது. அப்பாவின் தோள் சாயும்போது பெரியப்பாவின் துடுப்பு மறுபக்கம் அழுந்தியது. ஈட்டி போனதை நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது முழங்கை நீள விரால் பரிசலுக்குள் வாலை அடித்துத் துள்ளிக்கொண்டிருந்தது, என் முகமெல்லாம் தண்ணீர்.

கரைக்கு வந்ததும் பெரியப்பா பரிசலைக் கவிழ்த்து முதுகில் சுமந்துகொண்டு ஒரு வழியில் போனார். அப்பா மீனை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போனார். திரும்பிப் பார்த்தது நான் மட்டும்தான்.

அப்பாவே அரைத்து, அப்பாவே கூட்டி, மிளகைக் கொஞ்சம் கூடவே போட்டுச் சாறு வைத்தார். அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து நான் கிண்ணத்தை நீட்டினேன். இரண்டு வாய் குடித்தாள்.

"பரிசல் யாரு தள்ளனது?"

"பெரியப்பா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "பேசனாங்களா?"

"பேசிகினே இருந்தாங்கம்மா. எல்லாம் என் வாயாலதான்." பல்வலியையும் செவலையின் கன்றையும் வரப்பையும் இருமலையும் வரிசையாகச் சொன்னேன். பல்லைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கன்றின் நெற்றி வெள்ளையையும் கேட்டாள். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் பல்லைப் பார்த்தேன், சிரித்தாள். ஆனால் நான் அழுததையும், அவர்கள் வாயை மூடிக்கொண்டதையும், உடனே மீன் விழுந்ததையும் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது.

"ஏண்டி அழுத? இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கக் கூடாதா நீ?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. யாருக்காக அழுதேன்? மீன் கிடைத்ததே என்னால்தான். ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா? அம்மா என் கையைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டாள்.

"இது பத்தலை கண்ணு. நாளைக்கும் விரால் வேணும்னு உங்கப்பன்கிட்ட போய்ச் சொல்லு. அந்தப் பக்கம் போய்ப் பெரியம்மாகிட்டவும் சொல்லிட்டு வா."

நான் கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். முக்கால் கிண்ணம் சாறு அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. காய்ச்சல் இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.