சோபா நாட்டின் தேசிய கீதம்

டுசல்டோர்ஃபில் எங்கள் முதல் குளிர்காலம் முடிந்திருந்தது. ஆறு வயது மகளுக்கு ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை. பள்ளியில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால் மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, என்ர ரெண்டு பெட்டையளும் தமிழ் கதைப்பினம்" என்று அழைத்தபோது, அவளுக்கு இரண்டு முறை உடை மாற்றினேன். பள்ளியைப் போல இந்த வீட்டு நட்பும் கைநழுவிவிடக் கூடாது.

போனதும் பிள்ளைகள் சோபாவை ஒரு நாடாக்கினார்கள். அக்காவின் மூத்த மகள் அதிபர். நாட்டுக்குத் தேசிய கீதம் வேண்டுமென்று ஒரு பாட்டுப் போட்டி. அவள் தங்கை பாடினாள், பிறகு என் மகள். இரண்டுமே சொந்தமாகக் கட்டிய பாட்டுகள். என் மகளுடையதில் தோசை அடிக்கடி வந்தது.

"தங்கச்சியின்ர பாட்டுத்தான் நல்லமெண்டா, ஓம் சொல்லுங்கோ" என்றாள் அதிபர்.

என் மகள் உடனே கண்ணை மூடிக் கைகூப்பி, மூச்சு தீரும்வரை "ஓ...ம்" என்றாள்.

"முடிஞ்சுது! அவவே ஓம் எண்டிட்டா!" என்று அதிபர் அறிவித்தாள்.

"நான் ஓட்டே போடல! சாமி கும்பிட்டேன்!" யாழ்ப்பாணத்து 'ஓம்' எங்கள் 'ஆமாம்' என்பது என் மகளுக்குத் தெரியாது.

நாட்டில் கலவரம் மூண்டது. குஷன்கள் பறந்தன. என் மகள் சோபாவின் முதுகில் ஏறி, "கள்ள ஓட்டு!" என்று கத்தினாள். இதை எங்கே கற்றாள்? நான் வீட்டில் செய்தி போட்டுக்கொண்டே சமைப்பதாலா? ஒரு குஷன் அக்காவின் தேநீரைக் கொட்டியது.

"சாரிக்கா, நாங்க கிளம்பறோம்." ஷூவைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இருங்கோ தங்கச்சி. மூத்தவளை எதிர்த்துக் கதைக்க இவ்வளவு நாளும் ஒராளும் இல்லை" என்றார் அக்கா, மேசையைத் துடைத்தபடி.

இருப்பதா, போவதா? இருந்தால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பாரோ? அதற்குள் அதிபர் கலைந்த தலையோடு ஓடிவந்து கதவை மறித்தாள்.

"அன்ரி, அவவைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. சண்டை இன்னும் முடியேல்லை. போறதெண்டா டெர்மின் எடுங்கோ."

"எப்போ கிடைக்கும்?"

"அடுத்த கிழமை. அதுவும் இடம் இருந்தாத்தான்."

டெர்மின், அதாவது முன்பதிவு செய்த நேரம், இல்லாமல் இந்த ஊரில் எந்த அலுவலகத்திலும் நுழைய முடியாது. ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். வெளியே போவதற்கு டெர்மின் கேட்டது இந்தச் சோபா நாடு ஒன்றுதான். ஷூவைக் கீழே வைத்தேன்.