பாதிச் சுவரும் அக்காவின் பிடியும்

அக்கா என் கையைப் பிடிக்கமாட்டாள். மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். கையைப் பிடித்தால் நான் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுவேனாம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து தெமோதரைப் பள்ளிக்கூடத்துக்கு ரயில் பாதையோரமாக நடக்கும்போது, பின்னால் ரயில் வரும் சத்தம் கேட்டால் அந்தப் பிடி இறுகும். வலிக்கும்.

"விடுக்கா, நானே நடப்பேன்" என்று கத்துவேன்.

"நீ நடப்ப. ரயிலு நிக்குமா?" என்பாள்.

அம்மா காய்ச்சலில் இறந்த வருடத்தோடு அக்காவின் படிப்பு நின்றுவிட்டது. அப்போதே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கிவிட்டாள். என்னைப் பள்ளிக்கூட வாசலில் தள்ளிவிட்டு மலைக்குத் திரும்ப ஓடுவாள். பிந்திப் போனால் கங்காணியிடம் திட்டு விழும். அதையும் வாங்கிக்கொண்டு மறுநாளும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். அந்தப் பிடிக்காக இன்று நான் ஏங்குகிற ஏக்கத்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளில் மட்டும் எல்லாம் தலைகீழாக நடந்தது. பதுளை ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றாள். உள்ளேயிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் விடவே இல்லை. மூக்கு ஒழுக அழுதேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"போ புள்ள, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். முகத்தைக் கோபக்காரிபோல வைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தால் அந்த முகம்தான் வரும்.

படித்து முடித்து நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். கருப்பைப் புற்றுநோய்தான் என் வேலை. கருப்பையின் உள்ளே மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றித் தடித்த தசைச்சுவர். நோய் படலத்தில் தொடங்கிச் சுவருக்குள் இறங்கும். எப்படி இறங்குகிறது, எதை வைத்து வழி வெட்டுகிறது என்பதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை அக்காவிடம் சொன்னபோது, "இவ்வளவு படிச்சு கடைசில கர்ப்பப்பையத்தான் பாக்குறியா? மருத்துவச்சி கூடப் பாத்தாளே" என்று கிண்டல் செய்தாள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு மாவிளக்குச் செய்வது மாதவிலக்கு நின்றுபோன பெண்கள்தான். மற்றவர்கள் மாவைத் தொடவும் கூடாது. அக்காவுக்கு நின்றபோது, பதவி உயர்வு கிடைத்தவள்போல எனக்கு போன் பண்ணினாள். அதற்குப் பிறகு எல்லாத் திருவிழாவிலும் அவள் பிசைந்த மாவுதான்.

ஒரு வருடம் நான் திருவிழாவுக்குப் போனபோது அவள் கோயிலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னாக்கா இங்க நிக்கிற? உள்ள மாவு பிசைய உன்னத் தேடுறாங்க."

"நான் உள்ள வரக்கூடாது."

"ஏன்?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "திரும்ப வந்துருச்சுடி. கொஞ்ச மாசமா வருது, போகுது. பக்கத்துக் காம்பராக்காரி சொல்றா, எனக்கு வயசு திரும்புதாம். மாப்பிள்ள பாக்கவான்னு கேக்குறா."

நின்று வருடக்கணக்கான பிறகு இரத்தம் வந்தால் அது எதுவாக இருக்கலாம் என்பதைத்தான் நான் தினமும் கண்ணாடித் தகடுகளில் பார்க்கிறேன். அவளோ அத்தனை மாதமும் தனிப்பாயில் படுத்து, தலைக்குக் குளித்து, விளக்கைத் தொடாமல் அந்த இரத்தத்துக்குச் செய்யவேண்டிய மரியாதையையெல்லாம் செய்திருக்கிறாள். டிஸ்பென்சரிப் பக்கம் மட்டும் போகவில்லை. சாமிக்குத் தீட்டுப் படக்கூடாது என்பதில் இருந்த கவனம் தன் உடம்பின்மேல் இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே நின்று, போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்க அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் குழாயைத் திறந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"சாமி வந்தவ மாதிரி ஆடாத. நாளைக்கு எங்க கூப்பிட்டாலும் வர்றேன்" என்றாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் எடுத்த சிறு சதைத் துணுக்கிலேயே புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. கருப்பையை எடுக்கவேண்டும் என்றார் சிங்கள வைத்தியர். நான் தமிழில் சொன்னேன். அக்கா கேட்ட ஒரே கேள்வி, "எடுத்துட்டா இனி வராதுல்ல? கோயிலுக்குள்ள போலாமா?" என்பதுதான். வைத்தியருக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு அக்காவின் தோளைத் தட்டினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் இடியப்பம் ஊட்டிக்கொண்டே நோய் என்ன செய்யும் என்று அவளுக்குச் சொன்னேன். உடம்பைக் கட்டியிருக்கும் சின்னஞ்சிறு கலங்கள், அதாவது செல்கள், பக்கத்துக் கலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. அந்தக் கைக்கு ஈ-காட்ஹெரின் என்று பெயர்; அது ஒரு புரதம். புற்றுநோய் வந்த பிறகும் பல கலங்கள் கையை விடுவதில்லை, கூட்டமாகவேதான் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் ஓரத்தில் நிற்கும் சில கலங்கள் அந்தப் புரதத்தைக் குறைத்துக்கொள்ளும். கை நழுவும். ஒழுங்கான வடிவம் மாறி நீண்டு மெலியும். வழியில் இருக்கும் மெல்லிய சவ்வைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து, தனியாகச் சுவருக்குள் நடக்கும். பாதிச் சுவரைத் தாண்டவில்லை என்றால் நம்பிக்கை அதிகம். தாண்டிவிட்டால் பயப்படத்தான் வேண்டும்.

அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்போ கைய விட்டதெல்லாம் கேன்சரா? நீயும்தானே விட்டுட்டுப் போன" என்றாள்.

"நான் எங்க விட்டேன்? நீதான் விரல் விரலாப் பிரிச்ச."

"பிரிச்சதாலதான் ஆஸ்பத்திரில எனக்கே பாடம் எடுக்குற."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கழுவுகிற இடத்துக்குப் போய், தட்டைக் கழுவிக்கொண்டே அழுதேன்.

வைத்தியரிடம் கேட்டு, எடுத்த கருப்பையின் கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் நானும் பார்த்தேன். எத்தனையோ பெண்களின் சுவர்களைப் பார்த்த கண்தான். ஆனாலும் பாதியைத் தாண்டியிருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் குனிந்தேன். மேலே கலங்கள் ஒட்டி நின்றன. கீழே இறங்க இறங்கக் கூட்டம் தளர்ந்தது. பாதிக்கும் கீழே, தசை நார்களுக்கு நடுவில், ஒன்றிரண்டாகத் தனித்தனியே போய்க்கொண்டிருந்தன. நான் தலையை நிமிர்த்தவில்லை. அவை என் அக்காவுக்குள்ளிருந்து வந்தவை என்பது மட்டும் தலைக்குள் ஏற மறுத்தது.

கதிர் சிகிச்சை முடிந்து வந்த திருவிழாவில் அவள் கோயிலுக்குள் போனாள். தலைமுடி கொட்டவில்லை என்று பெருமை வேறு. தரையில் உட்கார முடியாமல் பலகையில் உட்கார்ந்து மாவு பிசைந்தாள். நெய்த்திரியை ஏற்றிவிட்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள். கோபக்கார முகம். நான் அந்தத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை நினைத்தால் எனக்கு முதலில் அந்த முகம்தான் வருகிறது.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே இருமல் தொடங்கிவிட்டது. நுரையீரலுக்குப் போயிருந்தது. என் வேலையிலேயே எனக்குத் தாங்கமுடியாத விஷயம் ஒன்று உண்டு, அதை அவளிடம் நான் சொல்லவில்லை. கையை விட்டுத் தனியாக அலைந்த அந்தக் கலங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் பல நேரம் அதே புரதத்தைத் திரும்பச் சுரக்கும். மறுபடி கைகோர்த்துக்கொண்டு குடியிருக்கும். நான் கொழும்புக்குப் போய் இத்தனை வருடமாகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அவளைப் பிடித்ததுபோல அங்கே நான் யாரையும் பிடித்ததில்லை.

கடைசியாகப் போனபோது அவள் பதுளை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு இருந்தாள். மறுநாள் வேலைக்காக மாலை ரயிலில் நான் திரும்பவேண்டும். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டது அது. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயிலின் சத்தம் கேட்டது.

"ரயிலு நிக்காது புள்ள, கெளம்பு" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் மற்றக் கையைக் கொண்டுவந்து என் விரலில் வைத்தாள். பழையபடி பிரிக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"எனக்குப் பிரிக்கத் தெம்பில்லடி" என்றாள். "இந்தத் தடவ நீயா விடு."

நான் விடவில்லை. ரயில் போய்விட்டது.