மேடே இல்லாத சைக்கிள் டூர்

போன வாரம் ஒரு மாலை முழுக்க பதினோரு புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்ச்சுகலில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்றிக் காட்டும் கம்பெனி ஒன்றின் வெப்சைட் அது. எல்லாப் படத்திலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருவருக்குக்கூட வியர்க்கவில்லை. இந்தச் சிரிப்பெல்லாம் மேட்டில் எடுத்ததா, இறக்கத்தில் எடுத்ததா?

சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் வேலை. 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த முறை சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. என்னோடு வரப்போவது துஷா. இங்கே வெள்ளைக்காரர் நாட்டில், செவன் கிங்ஸ் என்ற ஊரில் எனக்குப் பக்கத்து வீடு, யாழ்ப்பாணத்துப் பெண். போன வருடம் முழங்காலில் ஆபரேஷன். இப்போது வான்ஸ்டட் மைதானத்தைச் சுற்றிச் சமதரையில் ஓட்டுகிறாள். வெளிநாட்டு டூர் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மேடு? வெப்சைட் 'ஈஸி' என்கிறது. யாருக்கு ஈஸி?

பட்டியல் போட்டு கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் ஏற்றம் எவ்வளவு, கியர் எத்தனை, மழை வந்தால், பஞ்சர் ஆனால், சைவச் சாப்பாடு என்றால் வெறும் சாலட்டா... எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலும் 'கவலை வேண்டாம்' என்று முடிந்தது. இத்தனை முறை சொன்னால் யாருக்குத்தான் கவலை வராது?

"உமக்கு ஆர் சொன்னாலும் நம்பிக்கை வராது, என்ன?" என்றாள் துஷா.

வந்ததே! விமர்சனங்களைப் படித்துக்கொண்டே போனால் ஜேம்ஸ், ஹெலன், மார்ட்டின் — நடுவில் ஒரு சிவபாலன். ஐந்து நட்சத்திரம். 'மலைகளால் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.' அவ்வளவுதான், என் சந்தேகம் எல்லாம் பறந்துவிட்டது. முன்பின் தெரியாத மார்ட்டினை நம்பாதவள், முன்பின் தெரியாத சிவபாலனை ஒரு நொடியில் நம்பினேன். நம்ம பெயர் ஒன்று கண்ணில் பட்டால் போதும்... வெளிநாட்டில் நமக்கு வேறு ஆதாரமே வேண்டாம்.

துஷா எட்டிப் பார்த்தாள். "உவர் எங்கட கடைக்காரச் சிவபாலன் அண்ணையெல்லோ! வெள்ளிக்கிழமையில மனோர் பார்க் கோயிலுக்கு வாறவர்."

வெள்ளிக்கிழமை கோயிலில், ஷூ ராக்கின் பக்கத்தில் அவரைப் பிடித்தோம்.

"ஓம் பிள்ளை, திறமான டூர். யோசியாமல் போங்கோ."

"மேடு எப்படி அண்ணா? ரொம்ப ஏறணுமா?"

"மேடோ? எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"ஒண்ணுமேவா?"

"நான் ரெண்டாம் நாளே சைக்கிளை விட்டிட்டனே! பிறகு, சாமான் ஏத்திக்கொண்டு பின்னால வாற வானிலதான் வந்தனான். முன் சீற். நல்ல ஏசி."

ஐந்து நட்சத்திரமும் அந்த சீட்டுக்குத்தான்! துஷாவின் கையைப் பிடித்து, கிளம்பலாம் என்று ஜாடை காட்டினேன். அவள் நகரவில்லை.

"அண்ணை..." குரலைத் தாழ்த்தினாள். "வானில ஏறேக்கை மற்ற ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கேல்லையோ?"

என் பட்டியலில் இல்லாத கேள்வி. இவள் பயந்தது மேட்டுக்கு இல்லை. எல்லோர் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு. அது தெரியாமல் நான் கியரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாத்தவைதான்," என்றார் சிவபாலன். "அடுத்த நாள் ரெண்டு வெள்ளைக்காரரும் ஏறிட்டினம். கொஞ்சம் தள்ளி இருங்கோ எண்டு எனக்கே சொல்லிச்சினம்!"

துஷா சத்தம் போட்டுச் சிரித்தாள். ஷூ மாட்டுவதற்கு முன்பே போனை எடுத்து புக் செய்துவிட்டாள். "நீரும் புக் பண்ணுமன்!"

நான் இன்னும் செய்யவில்லை. அந்த வேனில் மொத்தம் எத்தனை சீட் என்று கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன். மூன்று நாளாகப் பதில் இல்லை.