ஈரத்துக்கு விட்ட ஒரு சாண்

மாப்பிள்ளை இன்னும் உலைக்கு முன்னால்தான் நிற்கிறார். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி. நானும் அங்கேதான், கேட்டில் காவல். என் தங்கச்சி வீட்டுக்காரர் அவர். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்களோடு வளர்ந்தவர். தண்ணியில் கிடந்த மனுஷனுக்கு நெருப்போடு என்ன வேலை என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

வெளியே வர ஒரு வழி வந்தது. சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள், பலகையில் பாய் நட்டு ஓட்டுவது. லீவு நாளில் போய் அவர்கள் சாமானிலேயே பழகினார். ‘சொந்த செட்டோட வந்து ஓட்டிக் காட்டு, மாஸ்டரா எடுத்துக்கறோம்’ என்றார்கள். பலகை, கம்பம், பாய் எல்லாம் பழசில் வாங்கிவிட்டார். பூம் மட்டும் பாக்கி. பாயைச் சுற்றி வளைந்து நிற்கிற, இழுத்தால் நீண்டு தள்ளினால் குறுகுகிற அலுமினியக் கைப்பிடி அது. ஒரு முனை கம்பத்தைக் கவ்வும். மறுமுனையில் பாயின் மூலையை இழுத்துக் கட்டுவார்கள். அதைப் பிடித்துத்தான் ஓட்டுவது.

விற்கிறவரிடம் குட்டை ஒன்று, நெட்டை ஒன்று இருந்தது. பாயின் அடியிலேயே பூம் அளவு அச்சடித்திருந்தது. குட்டையைக் கொஞ்சம் நீட்டினால் அந்த அளவு கச்சிதமாக வரும். நெட்டையை முழுக்க உள்ளே தள்ளினாலும் ஒரு சாண் மிச்சம்.

“இருக்கட்டும் மச்சான். பாய் நனைஞ்சா நீளும்ல?” என்றார்.

எங்கள் பக்கம் அப்படித்தான். துணிப்பாய் தண்ணி குடித்தால் நீளும் என்று பாய் கட்டுகிற மூங்கிலை ஒரு சாண் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவோம்.

“அச்சுல போட்டுக்கீறானே மாப்ள.”

“அச்சடிச்சவன் இன்னா, நம்ம ஏரில வந்து நனைஞ்சானா?”

கூட வந்திருந்த தங்கச்சி சிரித்தாள். “ண்ணா, இவுரு கல்யாணச் சட்டையே ரெண்டு சைஸு பெருசு. தொவச்சா சுருங்கும்னாரு. இன்னும் சுருங்கினுகீது.”

நெட்டைதான் வந்தது.

ஓட்டிக் காட்டுகிற நாளில் நல்ல காற்று. அந்தப் பாய் பிளாஸ்டிக்; ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கவில்லை. மிஞ்சிய சாண் பின்னால் வாலாட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. காற்று ஏறி அவர் பாயைச் சாய்க்கும்போதெல்லாம் அந்த வால் அலையில் குத்தும், ஆள் தண்ணிக்குள். ஏறுவார், குத்தும், விழுவார். கரையில் யாரோ விசில் அடித்தார்கள். நான் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வேலைக்கு வேறு ஒருவர் பெயரைச் சொன்ன பிறகுதான் அங்கிருந்த மாஸ்டர் எங்கள் பாயைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாபா இது, இவ்ளோ நீளம்?” தன் குட்டை பூமை எடுத்து மாட்டி, “ஒரு ரவுண்டு போயிட்டு வா” என்றார்.

போனார். வலைக்குப் போகிற மாதிரி அலட்டாமல் போனார். தூரத்தில் ஒரு திருப்பு திருப்பி, அலை மேலேயே கரைக்கு வந்தார். மாஸ்டர் தலையைத் தடவிக்கொண்டார். “மொதல்லயே இத மாட்டியிருக்கக் கூடாதா? ஆள் எடுத்தாச்சேப்பா.”

ஊருக்குத் திரும்பும் வழியில் புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். இறங்கியதும் மாப்பிள்ளை, “கடைசி ரவுண்டு பாத்தல்ல மச்சான்? உன் தங்கச்சி கைல அத சொல்லு” என்றார்.

சோறு போடும்போது அதைத்தான் சொன்னேன். திருப்பினது, அலை மேலே வந்தது, மாஸ்டர் அசந்துபோனது. தங்கச்சி கரண்டியோடு நின்று கேட்டாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“அப்ப எப்ப வந்து சேரச் சொன்னாங்க?”

நான் சொல்லட்டும் என்று அவர் பார்த்தார். அவர் சொல்லட்டும் என்று நான்.