வால்வுக்கு அடியில் போன சிவப்பு வயர்

ஓர்லினைப் புதைத்த அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்டது, பன், காபி. புருஷனைப் பறிகொடுத்த ஆர்டிஸை உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. காபிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். மூன்றாவது மேசைக்குப் பின்னால் நின்றபோதுதான் ராட்னி வோஸ் பேசியது காதில் விழுந்தது.

"லோடரோட பாதுகாப்புப் பூட்ட அவனே பிடுங்கி விட்டிருக்கான். அவன் அவசரம் நமக்குத் தெரியாததா? அந்த அவசரத்துக்கே உசிரக் கொடுத்துட்டான், பாவம்."

மேசையிலிருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஹாஸ்லி ஊரில் பண்ணைக்காரர்கள் சாணி தள்ளவும் வைக்கோல் தூக்கவும் வைத்திருக்கும் ஸ்கிட் லோடர் வண்டிகளை விற்பவனும் ராட்னிதான், ரிப்பேர் பார்ப்பவனும் அவன்தான். அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆர்டிஸ் குனிந்து அவனுடைய கோப்பையையும் நிரப்பினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

ஓர்லின் செத்தது ஜனவரி பதினான்காம் தேதி காலை. மூக்கு உறையும் குளிர். கிடாரிகளுக்கு லோடரில் வைக்கோல் உருளையைத் தூக்கிப் போகும்போது அதைக் கட்டிய கயிறு எங்கோ மாட்டிக்கொண்டது. மடியின் மேல் இருக்கும் பாதுகாப்புக் கம்பியை உயர்த்திவிட்டு, உருளையைத் தூக்கும் இரும்புக் கைகள் மேலே நிற்கும்போதே, அவற்றுக்கு அடியில் முன்பக்கமாக அவன் இறங்கப் போனான். கம்பியை உயர்த்தினால் மிதியை மிதித்தாலும் கைகள் அசையக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பூட்டு. அன்று அவனுடைய பூட்ஸ் மிதியில் பட்டது, கைகள் இறங்கின. பால் கறந்துவிட்டு வந்த ஆர்டிஸ்தான் முதலில் பார்த்தாள்.

கவுண்டி போலீஸ்காரர் வந்தார், காப்பீட்டு ஆளும் வந்தான். கம்பி மேலே இருக்கும்போதும் கைகள் இறங்குகின்றன என்று பார்த்தார்கள். 'பூட்டு உரிமையாளரால் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்து விவசாயிகளில் பாதிப் பேர் செய்வதுதான் அது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

ஆர்டிஸுக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. ஓர்லினுக்கு மின்சாரம் என்றால் பேய்ப் பயம். கோழிக்கூண்டில் பல்பு மாற்றக்கூட அவளைத்தான் கூப்பிடுவான். அறுபது மாடுகள் நிற்கும் அந்தக் கொட்டகையில் ஓடிய வயர் ஒவ்வொன்றும் அவள் கையால் இழுத்தது. அப்படிப்பட்டவன் வண்டிக்குள் புகுந்து வயரைத் தொட்டிருப்பானா?

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சாணியை மண்வாரியால் அள்ளினாள். லோடரை விற்றுவிடு, பார்க்கப் பார்க்க நெஞ்சு வலிக்கும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். வலிக்கட்டும் என்றாள். ராட்னியின் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வரி தினமும் மாட்டின் மடியைக் கழுவும்போது கூடவே வந்தது. எதிர்ப்பேச்சு இல்லாமல் அது ஊருக்குள் உண்மையாக உறைந்துகொண்டிருப்பதையும் பார்த்தாள். தீவனக் கடையில் ஒருவன் தன் மகனிடம், "ஓர்லின் மாதிரி பூட்டப் பிடுங்கிறாத" என்று புத்தி சொன்னபோது அவள் அடுத்த வரிசையில்தான் நின்றாள்.

மார்ச்சில் பனி இளகியதும் லோடரின் ரிப்பேர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

லோடருக்கு முதல் கோளாறு வந்தது போன அக்டோபரில். கைகள் சில நேரம் தூக்கும், சில நேரம் தூக்காது. ஓர்லின் போன் மேல் போன் போட, ராட்னி வந்து, கைகளுக்கு ஆயில் அனுப்பும் வால்வு தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புது வால்வு மாட்டினான். வண்டி ஓடியது. ஆர்டிஸ் அங்கிருந்தே ஆரம்பித்தாள். இஞ்சினை ஓட்டி, கைகளைத் தூக்கி, விழாமலிருக்க இரும்பு முட்டுக் கொடுத்தாள். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கைகள் எதற்கு அசைவதை நிறுத்துகின்றன என்று பார்த்தாள். விளக்கு ஃபியூஸைப் பிடுங்கினாள், ஒன்றும் ஆகவில்லை. ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கியதும் கைகள் மரத்துப்போய் நின்றன.

ஹாரனுக்கும் கைகளுக்கும் என்ன உறவு? புத்தகத்தின் படத்தில் அப்படி ஒரு கோடே இல்லை.

ஹாரன் ஃபியூஸை வெளியே வைத்துவிட்டுப் பழைய கோளாறைத் தேடினாள். ஆயில் மட்டம் சரி. ஃபில்டரில் இரும்புத் துகள் இல்லை. அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தால், முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பம்பில் பலம் இருக்கிறது, ஆயில் வருகிறது, வழியைத் திறக்கச் சொல்லும் மின்சாரம்தான் பூட்டுக்கு வரவில்லை. பாதுகாப்புக் கம்பியிலிருந்து வரும் வயர்க் கொத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். இருக்கைக்குப் பின்னால் எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அக்டோபரில் அது பாதி கடித்த வயர், அதனால்தான் அந்த விட்டு விட்டு வந்த கோளாறு. வால்வில் அன்றும் குற்றமில்லை. கண்டுபிடிக்கத் தெரியாமலோ பொறுமையில்லாமலோ யாரோ ஹாரனிலிருந்து மின்சாரத்தைத் திருடி நேரே பூட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கம்பி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பூட்டுக்கு ஒன்றுதான், எப்போதும் திறந்தே கிடக்கும்.

யார் அந்த யாரோ? கேபினைச் சாய்த்துவிட்டு டார்ச் அடித்தாள். ஃபியூஸ் பெட்டியின் முதுகிலிருந்து ஒரு சிவப்பு வயர் கிளம்பி, புது வால்வுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே நுழைந்து, மறுபக்கம் பூட்டுக்கு வந்தது. வால்வைத் தூக்காமல் அந்த வயரை அந்தப் பக்கம் தள்ள வழியே இல்லை. வால்வின் நான்கு போல்ட்டுகளின் தலையிலும் மஞ்சள் கோடு. முறுக்கி முடித்தபின் தலையிலிருந்து தகடு வரை ராட்னி இழுக்கும் பெயிண்ட் கோடு. நான்கும் முறியாமல் இருந்தன.

ஆர்டிஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். தொடவில்லை. கேபினை இறக்கிப் பூட்டினாள். கிடாரிகளிடம் போய் நின்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அது நல்ல சிரிப்பு இல்லை என்று அவளுக்கே தெரியும்.

வக்கீலிடம் போகலாம்தான். போனால் காகிதம் போகும், காகிதம் வரும், மூடிய அறையில் நாலு பேர் பேசி முடிப்பார்கள். எந்தக் காதுகளில் அந்தச் சொல் விழுந்ததோ, அதே காதுகளில் விழ வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வக்கீல் அப்புறம். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ராட்னி வருஷா வருஷம் தன் கடையில் பான்கேக் விருந்து வைப்பான். ஊரே போகும். அவனுக்குப் போன் போட்டு, லோடரை விற்கலாம் என்று இருக்கிறேன், விருந்தன்று கொண்டுவரட்டுமா என்று தேனாகக் கேட்டாள். அவன் குழைந்துபோனான்.

அன்று டிரெய்லரில் லோடரை ஏற்றிக் கொண்டுபோய்க் கடை வாசலில், சாப்பாட்டு மேசைகளுக்கு நேரெதிரே இறக்கினாள். கேபினைச் சாய்த்துத் திறந்து வைத்தாள். தட்டோடு நின்றவர்கள் ஒருவர் இருவராகக் கூடினார்கள். கவுண்டி போலீஸ்காரரும் சிரப் ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டு வந்தார். ராட்னி வெளுத்த சட்டையில் வந்து, இதை வைத்துக்கொண்டு நீ ஏன் கஷ்டப்பட வேண்டும், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

"வாங்குறவன் கேப்பான்ல, ராட்னி. வால்வு நல்லதுதானா?"

"புதுசு. அக்டோபர்ல என் கையால போட்டது."

"அதுக்கப்புறம் வேற எவனாவது கை வச்சிருந்தா?"

கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குனிந்து விரலால் காட்டினான். "இந்த மஞ்சக் கோட்டப் பாருங்க. எவன் ஸ்பானர் வச்சாலும் கோடு ரெண்டா விலகிரும். விலகியிருக்கா? நான் போட்டது போட்டபடி இருக்கு. என்னத் தவிர ஒருத்தன் தொட்டதில்ல."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்று ஆர்டிஸ் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். பிறகு ஸ்பானரை நீட்டினாள். "அப்பக் கழட்டு."

அவன் ஸ்பானரைப் பார்த்தான். வால்வைப் பார்த்தான். அப்போதுதான் அதன் அடியில் போட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, பிறகு முழுக்க வடிந்தது. ஆர்டிஸ் ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தாள். இதற்காகத்தானே வந்தாள்.

"உள்ள போய்ப் பேசலாம், ஆர்டிஸ்."

"நீ உள்ள போயா பேசின? சர்ச்சுல, நான் ஊத்தின காபியக் குடிச்சுக்கிட்டே, எல்லார் முன்னாடியும்தான பேசின."

அவன் கை நீளவில்லை. அவளே குனிந்து நான்கு போல்ட்டையும் கழற்றினாள். ஒவ்வொரு மஞ்சள் கோடும் முறிவதைச் சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். வால்வை ஹோஸ்களோடு ஒரு சாண் தூக்கி முட்டுக் கொடுத்தாள். அடியில் சிவப்பு வயர், எண்ணெய்ப் பிசுக்கில் படிந்து, வால்வின் கனத்தில் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. அது எங்கே கிளம்பி எங்கே போகிறது, கம்பியின் உண்மையான வயரை எலி எங்கே கடித்திருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வயதான விவசாயி ஒருவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ராட்னி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஓர்லின் ஒரு நாளைக்கு மூணு தடவ போன் போட்டான். புது வால்வ மாட்டினப்புறமும் கைங்க தூக்கல. எந்த வயர் போச்சுன்னு தேட நேரமில்ல. ஒரு வாரத்துக்குன்னுதான் இந்தச் சிவப்பு வயரப் போட்டு மேல வால்வ உக்கார வச்சேன். திரும்பி வந்து சரி பண்ணலாம்னு இருந்தேன்."

"அவன்கிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"பூட்டு வேல செய்யுதுன்னு நம்பித்தான் அவன் எறங்கினான்," என்றாள் ஆர்டிஸ். குரல் உயரவில்லை. "இப்ப அன்னிக்குச் சொன்னத மாத்திச் சொல்லு. பிடுங்கினது யாரு?"

பான்கேக் கல்லில் மாவு கருகும் வாசனை வந்தது.

"ஓர்லின் இல்ல," என்றான். "நான்."

போலீஸ்காரர் விரலைத் துடைத்துக்கொண்டு காமிராவை எடுத்துவரக் காருக்குப் போனார். ஆர்டிஸ் ஸ்பானரைக் கந்தலில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

கடை அறுவடைக்கு முன்பே மூடப்பட்டது. வழக்கு நஷ்டஈட்டில் முடிந்தது, காப்பீட்டு ஆள் எழுதியதை அடித்துத் திருத்தினார்கள். ராட்னியின் மனைவி ஒருநாள் ஆர்டிஸின் வாசல்படியில் வந்து நின்று, நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம், மன்னித்தேன் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள் என்று அழுதாள். ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, காபி தரட்டுமா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரி காபி கேட்காமல் ஒருத்தியை அனுப்புவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனாலும் அறைந்தாள்.

அதைக் கேள்விப்பட்ட பாஸ்டர், மாடு பார்க்க வருவதுபோலக் கொட்டகைக்கு வந்து, மன்னிப்பு பற்றி மெல்ல எடுத்தார். எலி கடித்த வயரை மாற்றி, அந்த லோடரிலேயே அவள் சாணி தள்ளிக்கொண்டிருந்தாள். இஞ்சினை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தாள்.

"மன்னிக்கிறதெல்லாம் மேல இருக்கிறவர் பாத்துக்குவார், பாஸ்டர். அவருக்குப் பூராவும் விட்டுட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க ஷூ அழுக்காயிரும்."