ஞானமுத்து எழுதியது பொய்யன்று

சென்ற திங்கட்கிழமை காலை நான் வகுப்பில் இருந்தபோது கலெக்டர் கச்சேரிச் சேவகர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "ஐயா, நம்ம ஞானமுத்து ஐயா விடியக்காலம் போயிட்டாவ. மூணு நாள் காய்ச்சல்தான்" என்றார். பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் இருப்பவரிடம் நான் எதையும் கேட்பதில்லை.

ஞானமுத்து அவர்கள் சீவலப்பேரியில் பிறந்தவர். பாளையங்கோட்டைக் கச்சேரியில் பதினேழு ஆண்டுகள் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். கல்லூரியில் நானும் அவரும் ஒரே பெஞ்சு.

அந்த வருஷம் எங்களுக்கு ஆங்கிலப் பாட்டுகள் பாடம். மலையும் ஏரியும் குழந்தையோடு பேசும் பாட்டுகள். பாடம் நடத்திய வெள்ளைக்காரத் துரை, சிறு வயதில் இயற்கையை நேருக்கு நேர் கண்ட ஒரு நாளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். சிறந்த கட்டுரைக்குப் பரிசு. பரிசு பெற்றவருக்கே அவ்வருஷம் உபாத்தியாயர் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பனி உருகும் ஓடையையும் வெள்ளை ஆட்டுக்குட்டிகளையும் எழுதினேன்.

ஞானமுத்து எழுதியது வேறு. எட்டு வயதில் கன்றுக்குட்டியைத் தேடி ஆற்றில் இறங்கியவர், திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பாறைமேல் அகப்பட்டுக்கொண்டார். அதே பாறையில் ஒரு நீர்நாய் ஏறி, வாயிலிருந்த மீனைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தது. சாயங்காலம்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். "அது என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அதன் பிறகு எனக்கும் ஆற்றைப் பார்த்துப் பயமில்லை" என்று முடித்திருந்தார்.

துரைக்கு நம்பிக்கை வரவில்லை. அது குளிர்நாட்டுப் பிராணி, புத்தகத்தில் படித்ததைத் தாமிரபரணியில் கொண்டுவந்து விட்டிருக்கிறான் என்றார். பிறகு முதல் மாணவனான என்னிடம், இங்கே அப்படி ஒரு பிராணி உண்டா என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். நீர்நாய் வலையைக் கிழித்துவிட்டதென்று எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் புலம்பாத வாரமில்லை. "இல்லை, கேள்விப்பட்டதில்லை" என்றேன்.

பரிசும் வேலையும் எனக்கு வந்தன. என் ஆட்டுக்குட்டிகளைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதன்பின் தெருவில் அவரைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போவேன். அவரோ கைதூக்கி, "சௌக்கியமா வே?" என்பார். அதற்காகவே அவரை வெறுத்தேன்.

போன வருஷம் தலைமையாசிரியர் பதவி கைநழுவி, நான் ஊரையெல்லாம் ஏசிக்கொண்டு வீட்டில் கிடந்தபோது, வந்தவர் அவர் ஒருவரே. "ஏசுனது போதும், கிளம்பும் வே" என்று மாட்டுவண்டியில் ஏற்றி சீவலப்பேரிக்குக் கூட்டிப்போனார். கரையில், "பைய உக்காரும். வாயைத் தொறக்காதேயும்" என்றார். வெயில் தாழ்ந்ததும் தாயும் மூன்று குட்டிகளுமாக நீர்நாய்கள் வந்தன. ஒன்றையொன்று தள்ளிவிட்டு விளையாடின.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அன்னைக்கே எனக்குத் தெரியும் வே" என்றேன்.

"தெரியும்லா. உம்ம வீட்டுக்கு மீன் கொண்டாந்தவ எங்க சித்திதான்."

"பின்ன ஏன் துரைகிட்டச் சொல்லல?"

"உமக்கு அப்பம் கல்யாணம் நிச்சயமாயிருந்துதுல்லா? வேலை போச்சுன்னா பொண்ணு தருவானா?" பிறகு சிரித்தார். "அதுபோக, நீர் இல்லன்னு சொன்னா அதுக ஆத்தை விட்டுப் போயிருமாக்கும்?"

அடக்க ஆராதனையில் பிரசங்கியார், ஒரு நகலில்கூடப் பிழை விடாத குமாஸ்தா என்று அவரைப் புகழ்ந்தார். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலையாட்டி மறுத்துவிட்டேன். வீட்டில் அவருடைய மகள் என்னிடம் வந்தாள். "மாமா, அப்பா காலேஜுல நல்லாப் படிச்சாவளாமே. பரிசு ஏதும் வாங்கினாவளா?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுது வீங்கிய கண்களை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு பாயில் சற்று நகர்ந்து இடம்விட்டு, "இருங்க மாமா, எவ்வளவு நேரம் நிப்பீங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் எங்கள் வகுப்புத் தோழர்களே, சீவலப்பேரி ஆற்றில் நீர்நாய் உண்டு. அன்று பொய் சொன்னவன் நான். ஞானமுத்து அவர்களே, போய் வாரும்.