பொக்கற்றுக்குள்ளை புகைஞ்ச குறைச்சுருட்டு

அதுதானே சொல்லுறன் பிள்ளை, பள்ளிக்கூடத்தடியிலை பொலிசிட்டைப் பிடிபட்டது, சனம் கதைக்கிற மாதிரிக் கீழ்வீட்டுக் கிழவன் இல்லை, நான்தான்! ஆரிட்டையும் சொல்லிப்போடாதை. கதவைச் சாத்திப்போட்டு வந்து இரு.

உனக்குத் தெரியும்தானே, சோறு திண்டால் எனக்கொரு சுருட்டுப் பத்தவேணும். தங்கச்சி யாழ்ப்பாணத்திலையிருந்து ஒரு கட்டுக் குடுத்துவிட்டவள். மகள் அதைக் கண்டிட்டு, "அம்மா, வீட்டுக்கை பத்தக்கூடாது. வெளியிலை பத்தி ஏதும் பிரச்சினை எண்டு என்ர காதிலை விழுந்தால், கட்டு முழுக்கக் குப்பைக்குத்தான்" எண்டுபோட்டாள். சொன்னால் செய்வாள், தேப்பன்ர குணம்.

இந்தப் பிரெஞ்சுக்காரரின்ர ஊரிலை எங்கை பத்தலாம், எங்கை பத்தக்கூடாது எண்டு அறியிறதே ஒரு படிப்பு. பார்க்கிலை ஏலாது. பஸ் நிக்கிற கூரைக்குக் கீழை ஏலாது, மழை கொட்டினாலும் ஏலாது. பள்ளிக்கூட வாசலிலை கதைக்கவே வேண்டாம். எல்லாம் பலகையிலை எழுதிக் கிடக்காம். எனக்கு எழுத்து எங்கை தெரியும்? நான் நிலத்தைப் பாப்பன். சிகரெட் அடிக்கட்டை கனக்கக் கிடந்தால் அது பத்துற இடம். அப்பிடித்தான் ரூ பெர்தொனேத் தெருவிலை எங்கட ஆக்களின்ர நகைக்கடைக்குப் பக்கத்திலை ஒரு மூலை பிடிச்சு வைச்சிருக்கிறன். காத்தும் அடிக்காது, போறவாற ஆக்களின்ர புதினமும் பாக்கலாம். போன கிழமை அந்தக் கடையிலை ஒரு பொம்பிளை தாலிக்கொடி மாத்த வந்து, புருசனோடை பிடிச்ச சண்டை இருக்கே... சரி, அதை விடு.

நேற்று மகளுக்கு வேலை. பேத்தியைக் கூட்ட நான் போனனான். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் கிடந்தது. வாசலைத் தாண்டி ஒரு நீட்டு மதில். கீழை பாத்தால் எள்ளுத் தூவின மாதிரி அடிக்கட்டை! இதுதான் இடமெண்டு சந்தோஷமாப் பத்தினன். நாலு இழுவை இழுத்திருக்க மாட்டன், ஒரு பொம்பிளைப் பொலிஸ் கையை ஆட்டி ஆட்டி வாறாள். பிறகுதான் விளங்கிச்சுது, அந்த மதிலும் பள்ளிக்கூடத்தின்ரைதான். அவ்வளவு கட்டையும் போட்டது, பிள்ளையளைக் கூட்ட வந்து நிக்கிற தாய் தேப்பன்மார்!

கீழை எறிஞ்சால் அதுக்கும் அமாந்து எண்டு தண்டக்காசு எழுதுவாங்கள், அது எனக்குத் தெரியும். எறியிறதுக்கு மனமும் வரேல்லை, பின்னேரத் தேத்தண்ணிக்கு ஆகுமெல்லே. ஊரிலை செய்யிற மாதிரி நுனியை மதிலிலை தேச்சு, குறையைக் கோட்டுப் பொக்கற்றுக்கை செருகிப்போட்டு, வெறுங்கையை விரிச்சுக் காட்டினன். அவளும் தலையாட்டிப்போட்டுத் திரும்பிட்டாள்.

அந்த நேரம் பாத்துப் பேத்தி ஓடிவந்து கட்டிப்பிடிச்சவள், "அம்மம்மா, நீங்கள் புகையிறீங்கள்!" எண்டு கத்துறாள். குனிஞ்சால், பொக்கற்றாலை சாம்பிராணி போட்ட மாதிரிப் போகுது! நான் படபடவெண்டு அடிக்க, பொலிஸ்காரி ஓடிவந்து தன்ர தண்ணிப்போத்திலைப் பொக்கற்றுக்கை கவிட்டாள். கவிட்டுப்போட்டுச் சிரிச்சாள் பார், கண்ணாலை தண்ணி. பேத்தி அவளோடை பிரெஞ்சிலை கடகடவெண்டு கதைச்சாள்.

"என்னடி சொன்னனீ?"

"அம்மம்மாக்கு வாசிக்கத் தெரியாது எண்டு சொன்னனான்."

எனக்கு வெக்கமாவும் கிடந்தது, ஒரு பக்கத்தாலை நிம்மதியாவும் கிடந்தது. அவள் அமாந்து எழுதிற புத்தகத்தை எடுக்கவேயில்லை. எங்களை அடுத்த தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய், சிகரெட் விக்கிற கடைக்கு முன்னாலை நிக்கிற பெரிய சாம்பல் வாளியைத் தட்டி, இஞ்சை பத்து எண்டு கையாலை காட்டினாள். பக்கத்திலை குந்தி இருக்கிறதுக்கு வாங்குப் பலகையும் கிடக்குது பிள்ளை! என்ர மூலையிலை கூட அது இல்லை.

அமாந்து இல்லை, இடமும் கிடைச்சுது. ஆனால் பொக்கற்றிலை ரண்டு விரல் போற ஓட்டை. பேத்தியின்ர வாயைச் சொக்கிலேற்றாலை அடைச்சிட்டன், கோட்டின்ர வாயை என்னத்தாலை அடைக்கிறது? மகள் கண்டாளெண்டால் கட்டுப் போச்சு. கோட்டை நேற்றுக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சது, இண்டைக்கு அவள் வீடு கூட்டுற நாள்...

பொறு, உது லிப்ற் சத்தமே? மகள் வாறாள் போலை. எழும்பு பிள்ளை, எழும்பு. அந்தக் கறுத்தத் துணித்துண்டை இஞ்சாலை எறி, நான் இந்த ஓட்டையை அடைச்சுத் தைக்கவேணும்.